இரண்டு டிரம்பெட், ஒரு கதவு

டவுன் பஸ் ஓட்டுகிற ஒரு பெண்மணி நாற்பத்து நாலு வயதில் டிரம்பெட் ஊத ஆரம்பித்ததற்குக் காரணம் இசை ஆர்வம் இல்லை, குலுக்கல். டிப்போவின் ஆண்டு விழாவில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுத்தார்கள். எல்லோர் கண்ணும் வாஷிங் மெஷின் மேல் இருந்தது. இவளுக்கு விழுந்தது, கறுப்புப் பெட்டிக்குள் சொகுசாகப் படுத்திருந்த ஒரு டிரம்பெட். "இத வச்சுத் துணியா துவைக்க முடியும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தவள், அன்று சாயங்காலமே உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தாள். கன்றுக்குட்டி பசியில் கத்தியது போல ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு தாங்கவில்லை. மறுபடி ஊதினாள். அதோடு பிடித்துக்கொண்டது.

குடியிருப்பதோ சுவரோடு சுவர் ஒட்டிய அடுக்குமாடி. மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டினார். நான்காம் நாள் எதிர்வீட்டு அம்மா மணியடித்து, ரொம்ப மரியாதையாக, "உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

கணவர் தச்சர். பலகையைப் போலவே வார்த்தையையும் அளந்து வெட்டுகிற மனிதர். அவர் டேப்பை எடுத்துப் போய் அறையின் மூலையை அளந்தார். ஆறு வாரத்தில் அங்கே ஒரு பெட்டி எழும்பியது. ஆள் நின்று ஊதுகிற உயரம். இரட்டைச் சுவர், நடுவில் பஞ்சு அடைப்பு, ஓரமெல்லாம் ரப்பர், காற்றுக்குச் சின்ன விசிறி, இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரு சன்னல், குளிர்பதன அறையின் கதவைப் போலக் கனமான ஒரு கதவு. அதைச் சாத்திக்கொண்டு அவள் உள்ளே உயிரைக் கொடுத்து ஊதினாலும், வெளியே அவர் பேப்பர் புரட்டுகிற சத்தம்தான் கேட்கும். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பெட்டி வந்த பிறகு அவள் ஊதி உலகத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. அவளுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அந்தப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்று கிளப்பிவிட்டது அவளுடைய தம்பி. வீட்டில் எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அணைக்கிற பித்தான் இல்லாத ரேடியோ.

"மாமா, ஊர்ல எத்தன பேரு அடுக்குமாடில இருக்கான், எத்தன பேரு ட்ரம் வாங்கி வச்சுட்டு அடிக்க முடியாம அழுவுறான். இசைச் சந்தை மூணு நாள் நடக்குது. கடை போடுறோம், பெட்டிய நிறுத்துறோம். பேச்சு என் பொறுப்பு."

தச்சர் யோசித்தார். "சக்கரம் வைக்கணும்" என்றார். அவர் சம்மதம் சொல்லும் விதம் அது.

சந்தை நடந்த மண்டபத்துக்குள் விமானமே நிறுத்தலாம் போலிருந்தது. கிடார்கள் ஒரு தெரு, பியானோக்கள் ஒரு தெரு, மைக்கும் வயரும் ஒரு தெரு. கடைசியில் பெரிய மேடை. காலையிலிருந்து மாலை வரை யாராவது பாடிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் 'கலைஞர் சந்திப்பு' என்று பலகை மாட்டிய மேசை; கையெழுத்துக்கும் படத்துக்கும் வரிசை நீண்டிருந்தது. வாங்க வந்தவன் வாங்காதவன் எல்லாம் கையில் கிடைத்த வாத்தியத்தைச் சோதித்துப் பார்த்ததால், மண்டபம் முழுக்க ஆயிரம் பாட்டு ஒரே நேரத்தில் பிய்ந்து கிடந்தது.

இவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு பக்கம் ட்ரம் வியாபாரிக்கும் மறுபக்கம் ஒலிபெருக்கி வியாபாரிக்கும் நடுவில். வேறு யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய இடம். ரேடியோ பெட்டிக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினான்: 'உள்ளே இடி முழக்கம், வெளியே குட்டித் தூக்கம்.'

முதல் நாள் பளபளப்பான கிடார்களுக்கு நடுவில் மரப்பெட்டியை யார் சீண்டுவார்கள்? ஒருத்தர் இந்த லிஃப்ட் எந்த மாடிக்குப் போகும் என்று விசாரித்தார். ஒரு கல்லூரிப் பெண் கையில் புதுச் சட்டையோடு வந்து, "இதுல போட்டுப் பாக்கலாமா?" என்றாள். கழிவறை எங்கே என்று கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. அவர்களுக்கும் ரேடியோ பெட்டியைப் பற்றி முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் வழி காட்டினான். அவசரத்தில் வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இரண்டாம் நாள் காலையில் அவன் அக்காவிடம் வந்து நின்றான்.

"அக்கா, சொல்லிப் புரிய வைக்க முடியல. நீ உள்ள போய் ஊது. ஜனங்க பாக்கட்டும்."

"நானா? ஆளுங்க முன்னாடியா?"

"அவங்களுக்குத்தான் கேக்காதேக்கா. அதானே வியாபாரமே."

நியாயமாகத்தான் இருந்தது. "கதவு சாத்தியிருக்கணும். ஒரு விரல் இடம் விட்டாலும் நான் ஊத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்வது அவள் பழக்கம். கன்னம் உப்பி, நெற்றி நரம்பு புடைத்து, முழங்கால் தாளம் போட அவள் ஊதுவதைச் சன்னல் வழியாகப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. காதை மரத்தில் ஒட்டிப் பார்த்தார்கள். "சும்மா நடிக்கிறாங்கப்பா" என்றார் ஒருவர். சாயங்காலத்துக்குள் 'ஊமை டிரம்பெட் அம்மா'வைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ஆனால் ஒருவர்கூட ஆர்டர் கொடுக்கவில்லை. வேடிக்கை பார்த்தார்கள், போனார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகலில்தான் பித்தளைப் புயல் வந்தாள்.

அது விளம்பரப் பட்டம். மண்டப வாசலில் மூன்று ஆள் உயரத்துக்கு அவள் படத்தை வைத்திருந்தார்கள். முப்பது வயதுதான் இருக்கும். கிராப்பு வெட்டிய தலை, கையில் வெள்ளி டிரம்பெட். ஐந்து மணிக்குப் பெரிய மேடையில் அவள் நிகழ்ச்சி. கையெழுத்து மேசையிலிருந்து தப்பித்து, தலைவலியோடு, ஒலிபெருக்கிக் கடையின் அதிர்வில் காதைப் பொத்திக்கொண்டு வந்தவள், சன்னலுக்குள் ஒரு அம்மா உலகமே தெரியாமல் ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நின்றாள். சுற்றி வந்தாள். ரேடியோவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு வரவில்லை. தச்சர்தான் கதவைத் திறந்துவிட்டார். அவள் உள்ளே நுழைந்ததும் சாத்தினார்.

கண்ணைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் மூன்று ஆள் உயரம் இருந்தவள், இங்கே தன் தோளுக்கும் எட்டாமல் நிற்கிறாள்.

"பயப்படாதீங்கக்கா. அப்பாடா, இங்க எவ்வளவு நிம்மதியா இருக்கு" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள் புயல். "நீங்க ஊதினது என்ன பாட்டு? விரல் போற போக்க வச்சுக் கண்டுபிடிக்கப் பாத்தேன், பிடிபடல."

"பாட்டெல்லாம் இல்லம்மா. நான் பதினேழாம் நம்பர் பஸ் ஓட்டுறேன். அந்த ரூட்டத்தான் ஊதுவேன்."

"ரூட்ட எப்படி ஊதுவீங்க?"

"டிப்போ கேட்ல மெதுவா கிளம்பும். பாலத்துல ஏறும். சிக்னல்ல ஒரே இழுப்பா நிக்கும். பள்ளிக்கூடத்துக்கிட்ட ஒரே கலாட்டா. அப்படியே போய்ட்டு அப்படியே திரும்பி வரும்."

"ஊதுங்க, கேக்கலாம்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் எடுத்தாள். ஆனால் எதிரே நிற்பவள் கையைக் கட்டிக்கொண்டு, டிக்கெட் வாங்கிய பயணி மாதிரி காத்திருந்தாள். ஊதினாள். பாலத்தில் ஒரு இடம் தடுக்கியது. சமாளித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டாள். முதல்முதலாக ஒருத்தர் காது கொடுத்துக் கேட்கிறார் என்ற நினைப்பில் காது இரண்டும் சுட்டது.

புயல் பஞ்சு அடைத்த சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு, "எத்தன வருஷமா இந்தப் பெட்டிக்குள்ளயே ஊதுறீங்க?" என்றாள்.

"ரெண்டு. ஏன், நல்லா இல்லியா?"

"அதில்லக்கா. இந்தச் சுவரு உங்க சத்தத்துல பாதியத் தின்னுடுது. சத்தத்த அடக்கணும்னுதான கட்டியிருக்காங்க. உங்க சத்தம் நிஜமா எப்படி இருக்கும்னு நீங்க இன்னும் கேட்டதே இல்ல."

அந்தப் பேச்சு அவளைப் பிடித்து உலுக்கிவிட்டது. இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவள். எஞ்சினில் ஒரு சின்ன முனகல் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். தன் சொந்தச் சத்தம் தனக்கே தெரியாதா? வெளியே அறுபது எழுபது பேர் நிற்பது சன்னலில் தெரிந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை கூச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவளே கதவைத் தள்ளித் திறந்தாள். டிரம்பெட்டை வெளியே நீட்டினாள். டிப்போ கேட்டிலிருந்து கிளம்பினாள்.

அவ்வளவு பெரிய சத்தம் தன்னிடமிருந்து வருகிறது என்பதை அவளால் முதலில் நம்ப முடியவில்லை. அது மண்டபத்தின் கூரை வரை ஏறி, அங்கே கொஞ்சம் உலாவிவிட்டு, தாராளமாகத் திரும்பி வந்தது. ட்ரம் வியாபாரி குச்சியைக் கீழே வைத்தார். ஒலிபெருக்கிக்காரர் தன் பாட்டை அணைத்தார். சிக்னலில் அவள் இழுத்துப் பிடித்தபோது புயல் தோள்பையிலிருந்து தன் வெள்ளி டிரம்பெட்டை எடுத்து மேலே ஒரு சுரம் சேர்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஊதிய ஊதலில் கூட்டம் கைதட்டி ஆட ஆரம்பித்துவிட்டது. ட்ரம் வியாபாரிக்கும் கை சும்மா இருக்கவில்லை. தாளம் சேர்ந்துகொண்டது.

ரேடியோவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. "மாமா, போச்சு மாமா. கதவத் தொறந்து போட்டு ஊதுனா பெட்டிய எவன் வாங்குவான்?"

தச்சருக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கதவு தெரியும். போய்ப் பிடியில் கை வைத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். அவள் ஊதிக்கொண்டே ஒரு எட்டு உள்ளே நகர்ந்தாள், புயலும் நகர்ந்தாள். தச்சர் கதவைச் சாத்தினார்.

கத்தியால் வெட்டியது போலப் பாட்டு நின்றது. சன்னலில் இரண்டு பேரும் ஊதிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் ஓ என்றது. திறந்தார், பாட்டு வெளியே கொட்டியது. சாத்தினார், நின்றது. மெல்ல மெல்ல அவருக்கே குஷி வந்துவிட்டது. ட்ரம் அடிக்கிற தாளத்தைக் கவனித்து, அதற்குத் தோதாகத் திறந்து மூடினார். இரண்டு தாளம் பாட்டு, இரண்டு தாளம் மௌனம். பிறகு கதவை ஆமை வேகத்தில் திறந்து, பாட்டைத் தூரத்திலிருந்து பஸ் வருவது போல வரவழைத்தார். சிரித்துச் சிரித்து ஜனங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளே அவளுக்கும் சிரிப்பு பீறிட்டு, ஒரு சுரம் கோணலாகப் போய்த் தும்மல் மாதிரி வெளியே விழுந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

ரேடியோ ஆர்டர் எழுத ஒரு நோட்டைத் தேடி ஓடினான்.

"அஞ்சு மணிக்கு மேடைக்கு வந்துடுங்க" என்றாள் புயல், மூச்சு வாங்கிக்கொண்டு. "பெட்டியோட. முக்கியமா, கதவு வாசிக்கிறவரையும் கூட்டிட்டு வாங்க."

பெட்டியைத் தள்ளிக்கொண்டு கிடார் தெரு வழியாகப் போனார்கள். முன்னால் ரேடியோ, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று குரல் கொடுத்தான். பின்னால் தச்சர், மரத்தூள் ஒட்டிய அதே சட்டையில். மேடைச் சரிவில் ஏற்ற ஆறு பேர் கைகொடுத்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் அவளுக்கு முன்வரிசைகூடத் தெரியவில்லை; அதுவே நல்லதாகப் போயிற்று. பதினேழாம் நம்பர் ரூட் அன்றைக்கு இரண்டு நடை போய் வந்தது. முடிந்தபோது புயல் தச்சரின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தாள். அவர் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடத் தெரியாமல், கதவைப் பார்த்துத் தலையாட்டினார்.

சந்தை முடிந்து பெட்டியை வண்டியில் ஏற்றும்போது அவளுக்கு உதடு இரண்டும் மரத்துப்போயிருந்தது. டீ உள்ளே போகாமல் மோவாயில் வழிந்தது. துடைத்துக்கொண்டே, "என் சத்தம் பெருசுதாங்க" என்றாள்.

"ம். பெருசு" என்றார் தச்சர். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, "நல்லாவும் இருக்கு" என்றார்.

ஆர்டர் கொடுத்தவர்களில் முதல் ஆள் இசைக்காரர் இல்லை. நடுவயசு அம்மா ஒருத்தி. கணவரின் குறட்டைக்காகக் கேட்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தச்சரும் மனைவியும் அவர்கள் வீட்டுக்கு அளவெடுக்கப் போனார்கள். தச்சருக்கு வேலையில் விளையாட்டுப் பேச்சு பிடிக்காது. "நின்னு ஊதுற பெட்டி வேற, படுக்குற பெட்டி வேற. ஒருதரம் படுங்க சார்" என்றார். அந்த மனிதர் கூச்சத்தோடு கூடத்துப் பாயில் படுத்தார். தச்சர் காலடியிலும் இவள் தலைமாட்டிலும் டேப்பைப் பிடித்தார்கள். அகலம் எழுதி, உயரம் எழுதி முடிப்பதற்குள் மனிதர் தூங்கியே போய்விட்டார்.

குறட்டை கிளம்பியது. சன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"பாத்தீங்களா? இருபத்திரெண்டு வருஷமா இதேதான்" என்றாள் அந்த அம்மா.

தச்சர் கவலையோடு சுவரின் கனத்தை இன்னும் ஒரு அங்குலம் கூட்டி எழுதிக்கொண்டார். இவள் மட்டும் டேப்பைப் பிடித்தபடியே தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டாள்.

"இருங்க, எழுப்பாதீங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "சுதி சுத்தமா இருக்கு."