குரல் இறங்கும் இடம்

தன் குரலைத் தானே கேட்கச் சகிக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் பன்னிரண்டு பாடங்களை ஒலிப்பதிவு செய்துவிட்டு, ஒன்றைக்கூடக் கேட்காமல், பன்னிரண்டு முறையும் 'கேட்டேன், சரி' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் அதை என்னவென்று சொல்வது? சமுதாயக் கல்லூரியின் நர்ஸ் டீச்சர் அதைத்தான் செய்திருந்தார்.

கெட்டவர் இல்லை. பதினாறு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்று கால் வீங்கியவர். இப்போது நோயாளிகளைப் பராமரிப்பது எப்படி என்று ஒரு வருஷப் படிப்பு நடத்துகிறார். படிக்க வருபவர்கள் எல்லாருக்கும் வேறு ஒரு வேலையும் இருந்தது. கடையில் நிற்பவர்கள், அலுவலகம் கூட்டுபவர்கள், லாரி ஓட்டும் ஒருவர். தினமும் வகுப்புக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? அதனால்தான் முதல்வர் பாட்காஸ்ட் திட்டம் கொண்டுவந்தார். நூலகத்தில் பழைய செய்தித்தாள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, ஒரு மைக்கையும் கம்ப்யூட்டரையும் வைத்தார்கள். பொறுப்பு நூலகர் அம்மாவிடம். பேசிப் பதிவு செய்வது ஆசிரியர் வேலை, வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்வது நூலகர் வேலை. வெளியே போகும் முன் ஆசிரியர் ஒரு முறை முழுதாகக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் விதி.

டீச்சர் முதல் பாடத்தை அரை நிமிஷம் கேட்டார். "ஐயே, நான் இப்படியா பேசறேன்? மூக்கடைச்ச மாதிரி இருக்கே!" என்று நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் அந்த அரை நிமிஷமும் கிடையாது.

அன்று காலை எட்டரை மணிக்குக் கேண்டீனில் டீயோடு உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கரில் அவர் குரலே ஒலித்தது. இனி வகுப்பு தொடங்கும்வரை கேண்டீனில் பாட்காஸ்ட் ஒலிக்க வேண்டும் என்பது முதல்வரின் புது ஏற்பாடு. ஏழாவது பாடம்: கட்டிலில் இருப்பவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றுவது. பக்கத்து மேசைப் பெண்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து ஓடலாமென்றால் டீ இன்னும் பாதி இருந்தது.

"நாற்காலியைக் கட்டிலுக்குக் கொஞ்சம் சாய்வா, ஒட்டி நிறுத்துங்க," என்றது ஸ்பீக்கர். "இப்ப அவரை மெதுவா ஒருக்களிச்சுத் திருப்பி, தோளையும் இடுப்பையும் தாங்கி எழுப்புங்க."

டீச்சர் கோப்பையை வைத்தார். நிறுத்துங்க, இப்ப எழுப்புங்க. அந்த இரண்டுக்கும் நடுவில் தான் சொன்னது எங்கே?

சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பிரேக் போடுங்கள். அப்புறம் அவர் உடம்பில் ட்யூப் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மூத்திரப் பை கட்டில் கம்பியில் மாட்டியிருக்கும், அதைக் கழற்றாமல் ஆளைத் தூக்காதீர்கள். வார்டில் ஒரு தடவை ஒரு புதுப்பெண் அப்படித் தூக்கிவிட்டாள். அந்த மனுஷர் அலறிய அலறல் இன்றைக்கும் டீச்சர் காதில் இருக்கிறது. அதனால்தான் அந்த இடத்தை அவ்வளவு அழுத்திச் சொல்வார்.

அழுத்தி என்றால் சத்தமாக இல்லை. அங்கேதான் இருந்தது வினை. வார்டில் தூங்கும் நோயாளிகளுக்கு நடுவே முக்கியமானதைத் தாழ்ந்த குரலில் சொல்லிச் சொல்லி அது அவர் சுபாவமாகிவிட்டது. வகுப்பிலும் அப்படித்தான். டீச்சர் குரல் இறங்கினால் நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டு முன்னால் சாய்வார்கள். வீட்டிலும் அதே கதை. "அம்மா கத்தினா பயமே இல்ல. மெதுவாப் பேசினாத்தான் வயித்தக் கலக்குது," என்பாள் மகள்.

அவர் நூலகத்துக்கு ஓடினார். ஐம்பது வயதில் படியேறி ஓடினால் மூச்சு என்னாகும்? நூலகர் அம்மா மேசையில் ஒட்டுத்தாள் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏழாவது பாடத்துல நடுவுல என்ன வெட்டினீங்க?"

"நான் எதையும் வெட்டலயே. மௌனத்தை நீக்குன்னு ஒரு பட்டன் இருக்கு. சத்தம் ஒரு அளவுக்குக் கீழ போனா அதுவே எடுத்துடும். மூச்சு, முனகல், இடைவெளி எல்லாம் போயிடும். உங்க அரை மணி நேரம் இருபத்திரண்டு நிமிஷமாச் சிக்குனு ஆயிடுச்சு பாருங்க!"

"எட்டு நிமிஷமா என் மூச்சும் முனகலும்?" என்றார் டீச்சர். "அத்தனையும் நான் மெதுவாச் சொன்னதும்மா. அத்தனையும் முக்கியமானது!"

நூலகர் அம்மாவின் கத்தரிக்கோல் நின்றது. அவர் நீலப் பதிவேட்டைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "கேட்டேன்னு கையெழுத்துப் போட்டீங்களே, டீச்சர்," என்றார். அதில் கோபம்கூட இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம்.

பன்னிரண்டு பாடத்தையும் உடனே எடுத்துவிடலாம், அது ஒரு நிமிஷ வேலை. ஆனால் வகுப்பு மாணவர்களும் வெளியாட்களுமாக இருநூறு பேருக்கு மேல் ஏற்கெனவே போனில் இறக்கி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து யார் எடுப்பது? எல்லாருக்கும் செய்தி அனுப்பலாம் என்றார் நூலகர். அப்போதுதான் டீச்சருக்கு அது உறைத்தது.

"லாரி அண்ணன்!"

ஐம்பத்திரண்டு வயது மாணவரை வகுப்பே அப்படித்தான் கூப்பிடும். முதுகுவலியால் லாரியை விட்டுவிட நினைத்து, இந்தப் படிப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறலாம் என்று வந்த மனுஷர். முதல் இரண்டு வாரம் வகுப்புக்கு வந்தார். அப்புறம் வேலை நேரம் மாறியதால் எல்லாப் பாடமும் லாரியிலேயே ஓடியது. மற்றவர்கள் ஆளைத் தூக்கி மாற்றுவதை வகுப்பில் டீச்சர் கண்ணெதிரே செய்து பழகியவர்கள். இவர் பழகவே இல்லை. "ஏழாவது பாடம் கேட்டீங்களா?" என்று பயிற்சிக்கு அனுப்பும் முன் டீச்சர் போனில் கேட்டிருந்தார். "ரெண்டு தடவை கேட்டேன் மேடம்," என்றார் அவர். பாவம், வேலைக்குப் போகிறவர், எதற்கு அலைக்கழிப்பது என்று டீச்சர் 'செய்முறை முடித்தார்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போடுவதில் நம் டீச்சருக்கு அப்படியொரு தாராளம்.

இன்று லாரி அண்ணனுக்கு முதியோர் இல்லத்தில் முதல் நாள் பயிற்சி. அங்கே ஒன்பது மணிக்குப் பெரியவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவார்கள்.

மணி எட்டு நாற்பது. லாரி அண்ணன் போன் அணைந்திருந்தது. பயிற்சிக்குப் போகிறவர்களின் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். இல்லத்துத் தொலைபேசி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"வாங்க, என் ஸ்கூட்டர் இருக்கு," என்றார் நூலகர் அம்மா.

நூலகர் அம்மா வண்டி ஓட்டினால் எறும்புக்கும் ஆபத்தில்லை. மஞ்சள் விளக்கு எரியுமோ என்று நினைக்கும்போதே நின்றுவிடுவார். பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடலாம் போலிருந்தது.

"கொஞ்சம் வேகமாப் போகக்கூடாதா?"

"நம்ம ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரில சேர்த்தா அங்க யாரு போய்ச் சொல்றது? சும்மா வாங்க."

டீச்சர் மறுபடி மறுபடி இல்லத்து எண்ணையே அழுத்தினார். மணி அடித்தது. எடுப்பாரில்லை. ஒன்பது மணி ஒரு சிக்னலில் வந்து போனது. மற்றப் பாடங்களில் தான் எங்கெங்கே குரலை இறக்கினோம் என்று யோசிக்க ஆரம்பித்தார். விழுங்க முடியாதவருக்குச் சோறு ஊட்டும் பாடம். படுக்கைப் புண் பாடம். மருந்துச் சீட்டுப் பாடம். அதற்குமேல் யோசிக்கத் தைரியம் வரவில்லை. நல்லது சொல்லப்போய் இப்படி விஷம் ஊற்றிவிட்டேனே என்று வாய்விட்டே சொன்னார். காற்றில் அது நூலகர் அம்மாவுக்குக் கேட்கவில்லை.

ஒன்பது பதினேழுக்கு இல்லத்து வாசல். காவலாளி வருகைப் புத்தகத்தை நீட்டி, பெயர், நேரம், காரணம் எழுதச் சொன்னார். காரணம் என்னவென்று எழுதுவது? 'அவசரம்' என்று கிறுக்கினார். "யாரைப் பாக்கணும்னு எழுதலயே," என்றார் காவலாளி, நிதானமாக.

உள்ளே நீளமான நடை. அதன் கோடியில், ஆண்கள் பகுதிக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, தனக்குப் போதாத ஒரு நீல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு லாரி அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது.

போச்சு, என்று நினைத்தார் டீச்சர். எல்லாம் முடிஞ்சு போச்சு. கிட்டே போனார்.

"என்ன ஆச்சு அண்ணே?"

லாரி அண்ணன் எழுந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "மன்னிச்சிருங்க மேடம். உங்க பேரைக் கெடுத்துட்டேன். நான் தூக்கல."

"தூக்கலயா?"

"நாற்காலியை ஒட்டி நிறுத்தினேன். பிரேக் போட்டேன். முப்பது வருஷமா வண்டி ஓட்டினவன், பிரேக் போடாம எறங்குவேனா? போட்டப்புறம்தான் தோணுச்சு. பிரேக்கைப் பத்தி நீங்க பாடத்துல ஒரு வார்த்தை சொல்லலயே! நீங்க அதை விடற ஆளா? அப்பன்னா நடுவுல ஏதோ காணாமப் போயிருக்கு. காணாமப் போனது பிரேக் மட்டும்தானா, இன்னும் ஏதாவதா, எனக்கு எப்படித் தெரியும்? தெரியாம ஒரு மனுஷன் மேல கை வைக்கப் பயமாயிடுச்சு."

டீச்சர் அழுதே விட்டார். வாசலில் நின்ற நூலகர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு தலைமை நர்ஸ் வந்தார். கையில் பயிற்சிப் படிவம். முகத்தில் தூக்கமில்லாத கடுகடுப்பு.

"நீங்கதான் இவரோட டீச்சரா? நல்ல ஆளை அனுப்பினீங்க! தூக்குங்கன்னா, பாடத்துல ஏதோ காணோம், நீங்க சொல்லிக் குடுங்கன்னு சட்டமா நிக்கறாரு. முப்பத்தாறு கட்டில், நாங்க மூணு பேரு. நான் பாடம் நடத்தவா, வேலை பாக்கவா? செய்முறை முடிச்சாருன்னு இதோ உங்க கையெழுத்து இருக்கு."

படிவத்தின் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'சொன்ன வேலையைச் செய்ய மறுத்தார். பயிற்சிக்குத் தகுதியில்லை.' அந்த ஒரு வரி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், லாரி அண்ணனைப் படிப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த மனுஷருக்கு அது தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார்.

"பேனா குடுங்க," என்றார் டீச்சர்.

சிவப்பு வரிக்குக் கீழே எழுதினார். 'பாடத்தில் முக்கியமான பகுதிகள் விடுபட்டிருந்தன. நான் கேட்காமலேயே சரி என்று கையெழுத்திட்டேன். இவர் செய்முறை செய்ததை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகக் கையெழுத்திட்டேன். இவர் மறுத்தது சரி. தவறு என்னுடையது.' கீழே கையெழுத்து.

தலைமை நர்ஸ் படித்தார். கடுகடுப்பு கொஞ்சம் இளகியது. "இது முதல்வர் கைக்குப் போகும். உங்க வேலைக்கே உலை வைக்கும், தெரியுதா?"

"தெரியும்மா. இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

தலைமை நர்ஸ் சிவப்பு வரியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

"மேடம்," என்றார் லாரி அண்ணன், "அந்த எடத்துல என்ன சொன்னீங்க? அதைக் கேக்கத்தான் உக்காந்திருக்கேன்."

டீச்சர் அவரை உள்ளே அழைத்துப் போனார். ஆறாவது கட்டிலில் ஒரு பெரியவர் எல்லாரையும் முறைத்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் ஆறிப்போன டீ. பிரேக் போட்ட நாற்காலி அப்படியே நின்றது. டீச்சர் கட்டிலைச் சுற்றிப்போய் மறுபக்கம் தொங்கிய போர்வையை விலக்கினார். கம்பியில் இறுக்கி மாட்டிய பை. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று போர்வைக்குள் போனது. லாரி அண்ணன் அதைப் பார்த்தார். சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆளைத் தொடறதுக்கு முன்னாடி..." என்று டீச்சர் ஆரம்பித்தார். முக்கியமான இடம் அல்லவா, குரல் தானாக இறங்கியது. லாரி அண்ணன் முன்னால் சாய்ந்தார்.

"என்னம்மா ரகசியம் பேசறே?" என்று பெரியவர் கட்டிலிலிருந்து கத்தினார். "எனக்குத்தானே செய்யப்போறீங்க? எனக்குக் கேக்கற மாதிரி சொல்லு!"

டீச்சருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவரை இப்படிக் கேட்டதில்லை. மூச்சை இழுத்துவிட்டு, முதலிலிருந்து, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். பையை எப்படிக் கழற்றுவது, எங்கே மாட்டுவது, குழாயைக் கையால் எப்படித் தொடர்ந்து போவது, எல்லாம். பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். லாரி அண்ணன் சொன்னபடியே பையைக் கழற்றி நாற்காலியின் கீழ்க்கம்பியில் மாட்டினார்.

"சரி," என்றார் கடைசியில், லாரி அண்ணனைப் பார்த்து. "இப்பத் தூக்குப்பா."