கதவுக் கைப்பிடியில் அப்பாவின் சட்டை

இல்லை, அம்மா பொய் சொல்கிற ஆளே கிடையாது, முதலில் அதை ஒத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தால், இல்லையென்று சொல்ல வாய் வராமல், அதைத் துடைத்து வேறு கொடுத்தனுப்புகிறவள். அப்படிப்பட்டவள் தினமும் காலையில் கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து, அப்பாவின் சட்டையை இழுத்து முகர்ந்துவிட்டு, "ஒண்ணும் தெரியலைங்க" என்று சொன்னால் நாங்கள் நம்பாமல் என்ன செய்வோம்?

இருங்கள், சட்டைக் கதையைச் சொல்லாமலே ஓடுகிறேன்.

இந்தக் கோடையில் கொரோனா எங்கள் வீட்டுக்குள் வந்து, நாலு பேரில் அம்மாவை மட்டும் பிடித்துக்கொண்டது. குளியலறையோடு சேர்ந்த பின்னறையை அவளுக்கு ஒதுக்கினோம். அது அண்ணனின் அறை. அவன் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கிறவன். எப்போது கூப்பிட்டாலும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான், மீட்டிங்கில் இருக்கிறானாம். அதனால் அவனுக்கு வீட்டில் மியூட் என்று பெயர். நான் கல்லூரியில் படிக்கிறேன், அதாவது போனை ஜன்னலில் சாத்தி வைத்து வகுப்பு ஓடவிட்டுக் காய் நறுக்குகிறேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் சீக்கிரமே விட்டது. இருமலும் போயிற்று. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. போனில் பேசிய டாக்டர், வாசனை மெதுவாகத்தான் வரும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம், தனியாக இருக்க வேண்டிய நாள் முடிந்ததும் வெளியே வரலாம் என்றார். அப்பா காதில் அதில் பாதிதான் விழுந்தது. வாசனை வரவில்லையென்றால் வியாதி இன்னும் மூக்குக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. அது எழுந்து போகிறவரை அம்மா வாசற்படி தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார். டாக்டர் சொன்ன நாளெல்லாம் முடிந்து போயிற்று. சட்டம் மாறவில்லை.

அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை, மெஷின் ஓட்டுகிறவர். அச்சகம் பூட்டியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். கடைசி நாள் போட்டுக்கொண்டு வந்த சட்டை துவைக்காமல் ஒரு பையில் கிடந்தது. மையும், மெஷின் துடைக்கிற மண்ணெண்ணெயும் ஊறிய சட்டை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாடைக்கு அம்மா போடாத சண்டையில்லை. வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "இந்த வாசனை அவ மூக்குல ஏறிடுச்சுன்னா வேற எதையும் சோதிக்க வேண்டாம்" என்று அப்பா அதைத் தினமும் காலையில் பின்னறைக் கைப்பிடியில் மாட்டுவார். அம்மா முகர்வாள். தெரியவில்லை என்பாள். அப்பா சட்டையை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டுவிட்டு வருவார். வீட்டிலேயே நான் துவைக்க வேண்டாத ஒரே துணி அதுதான்.

மற்றதெல்லாம் என் தலையில்.

சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் எனக்கு ஒரே உற்சாகம். அம்மாவுக்கு நான் யாரென்று காட்டிவிடுகிறேன் பார் என்று இறங்கினேன். அந்த வாரமே தெரிந்துவிட்டது, இந்த வீட்டில் வேலை என்பது முடிகிற சமாச்சாரமே இல்லை. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காயை உப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். முகக்கவசங்களை வெந்நீரில் அலச வேண்டும். தரையைத் துடைத்து நிமிர்ந்தால் மியூட் குளித்த ஈரக் காலோடு அதன் மேலேயே நடந்து போவான். நாலு பேர் இருக்கிற வீட்டில் தொட்டி நிறைய டம்ளர் எப்படிச் சேரும், சொல்லுங்கள். எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துக் கையைத் துடைப்பேன், பின்னாலிருந்து ஒரு டம்ளர் வந்து தொட்டியில் உட்காரும். மின்விசிறி அனலைத்தான் வாரி இறைக்கிறது. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போனது. வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டார்கள் என்று தோழி சொல்லித்தான் தெரியும், அரிசி டப்பாவில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறேன்.

அப்பா சும்மா இருந்தார் என்று சொல்ல மாட்டேன். சமையல் அவர் பொறுப்பு. அடுப்பையும் மெஷின் மாதிரியே நடத்தினார். பற்றவைத்துவிட்டுக் காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். உருளைக்கிழங்கு சத்தம் போடாமல் கருகிவிடும். மியூட்டுக்கு முட்டை மட்டும் வரும். அதனால் நாங்கள் முட்டையாகவே சாப்பிட்டோம்.

இதையெல்லாம் அம்மா ஒற்றையாளாகச் செய்தாள், அதுவும் வேலைக்குப் போய்க்கொண்டே. அவள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். விட்டுப்போன பாடத்தை முடிக்கக் கோடையிலும் போனில் வகுப்பு வைத்தார்கள். உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து வெங்காயம் நறுக்கியபடியே கூட்டல் சொல்லிக்கொடுப்பாள். டீச்சர் ஏன் அழுறாங்க என்று ஒரு வாண்டு கேட்டதாம், கணக்கைத் தப்பா போட்டா இப்படித்தான் அழுகை வரும் என்றாளாம். உடம்பு சரியில்லை என்றதும் அந்த வகுப்பை வேறு டீச்சர் எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் மத்தியானம் துணி காயப்போடப் பக்கவாட்டுச் சந்துக்குப் போனவள், பின்னறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்துக்குக் கீழே கை, வாய் லேசாகத் திறந்திருந்தது. காய்ச்சல் தூக்கம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். இது அதில்லை. பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

இப்போது போர்வைக்கு வருகிறேன்.

போன வாரம் ஒருநாள் துவைத்த போர்வையை உதறிப் போடத் தெம்பில்லாமல், முறுக்கிப் பிழிந்த மேனிக்கே கொடியில் தொங்கவிட்டுவிட்டேன். வெளியே காய்ந்த மாதிரி இருந்தது. நாலாக மடித்து அம்மா கதவுக்கு வெளியே, சாப்பாட்டுத் தட்டு வைக்கிற ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன். கதவு திறந்தது, போர்வை உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு திறந்து போர்வை ஸ்டூலுக்கே வந்து விழுந்தது.

"சின்னவளே, இது உள்ள காயவே இல்லை. முடை நாத்தம் அடிக்குது பாரு. மறுபடி அலசி, உதறிப் போடு."

பெருமூச்சு விட்டபடி எடுத்துக்கொண்டு போனேன். சோப்புத் தண்ணீரில் முக்கி, கும்மி, ஒரு தண்ணீர் அலசி, இரண்டாம் தண்ணீருக்கு வாளியைக் குழாயடியில் வைத்தபோதுதான், கை அப்படியே நின்றுவிட்டது.

முடை நாற்றம் அடிக்கிறதாமே.

காலையில்தான் அப்பாவின் சட்டையை முகர்ந்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றாள். பாருங்கள், ஊரையே கூட்டுகிற மண்ணெண்ணெய் வாடைக்கு அசையாமல் நின்றவள், சரியாகக் காயாத ஒரு போர்வையிடம் மாட்டிக்கொண்டாள். சரியாகத் துவைக்காத துணியைப் பார்த்துவிட்டு அம்மாவால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அது அவள் கையில் இல்லை.

எனக்கு வந்தது கோபம், மறைப்பானேன். இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. ஈரக் கையோடு போய்க் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். அப்பா மாடியில் இருந்தார், மியூட் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, போர்வை நாத்தம் அடிச்சுதா?"

கட்டில் முனகியது. அவள் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது தெரிந்தது.

"எப்பத்துலேர்ந்து தெரியுது?"

"நாலஞ்சு நாளா" என்றாள். பிறகு, "முதல்ல உங்கப்பா சட்டைதான் தெரிஞ்சுது. தெரியுதுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேற என்னமோ வந்துடுச்சு" என்றாள்.

கேட்க நினைத்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அவளே பேசினாள். உடம்புக்கு ஒன்றுமில்லையாம், கொஞ்சம் அசதிதானாம். அந்த அசதியும் வியாதியால் வந்தது போலத் தெரியவில்லையாம், ரொம்ப நாளாகவே உள்ளே இருந்ததாம். படுக்க நேரம் கிடைத்ததும் வெளியே வந்துவிட்டதாம். என் கை எப்படியிருக்கிறது, சோப்பு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூடப் பிள்ளை வெளியே போகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இன்னும் ரெண்டு மூணு நாள் இருந்துக்கவா?"

என்னிடம் போய்க் கேட்கிறாள். நான் என்ன தலைமையாசிரியரா? இருந்துக்கோ, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் என்றேன். எழுந்து போய் இரண்டாம் தண்ணீர் அலசினேன். அந்தப் போர்வையை உதறின உதறலில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது, ஆனால் ஒரு சுருக்கம் இல்லாமல் போட்டேன்.

சிக்கல் சாயங்காலம் வந்தது, அப்பா ரூபத்தில்.

மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். அப்பா கொடிக்குப் பக்கத்தில் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரும் அதை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசனை போய்விட்டதோ, வெயிலில் போட்டுப் போட்டு வெளுத்துவிட்டதோ என்று சந்தேகமாம். எனக்கு நல்லாத்தானே அடிக்குது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, நாளைக் காலையில் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகவும், மூக்கு டாக்டரிடம் சொல்லிவைத்தாயிற்று என்றும், ஆட்டோக்காரர் வரச் சம்மதித்துவிட்டார் என்றும் சொன்னார். அங்கே எவ்வளவு கூட்டம், எத்தனை பேர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தெரியும் என்றார். தெரிந்துதான் போகிறாராம்.

"இவ்வளவு நாள் மூக்கு திரும்பலைன்னா உள்ள ஏதோ இருக்கு பாப்பா. நான் ராத்திரியெல்லாம் அவ மூச்சு விடுறது கேக்குதான்னு கதவுல காதை வெச்சுட்டு உக்கார்ந்திருக்கேன்."

மெஷின் சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்த மனுஷன் மூச்சுச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இளைத்திருந்தார். கருகின கிழங்கைத் தின்று இளைத்துவிட்டார் என்று நானும் மியூட்டும் கிண்டல் வேறு செய்துகொண்டிருந்தோம்.

சொன்னால் அம்மா நாளைக்கே அடுப்படியில் நிற்பாள். சொல்லாவிட்டால் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஒன்றுமில்லாத மூக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், போதாக்குறைக்கு இவர் இப்படியே உருகிப் போவார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இன்னும் காயக்கூட இல்லை. எடுத்த துணியையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சொல்லிவிட்டேன். போர்வையில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். ரெண்டு மூணு நாள் இருந்துக்கவா என்று கேட்டதையும் சொன்னேன்.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையா என்னவென்று நான் பார்க்கவில்லை. பிறகு, "என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார். உடனே அவரே, "கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்" என்றார். துணியில் பாதியை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்.

கீழே வந்து ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். நேரே பின்னறைக் கதவுக்குப் போனார். நான் கூடத்தில் துணி மடிக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டேன். மியூட் கூட ஒரு காதை விடுவித்துக்கொண்டான்.

"இந்தாம்மா, டாக்டர்கிட்ட பேசிட்டேன். வாசனை வந்தாலும் வராட்டியும் இன்னும் ஒரு வாரம் நீ ரூமை விட்டு வரக் கூடாதாம். ஓய்வு ரொம்ப முக்கியமாம்."

அப்பா எந்த டாக்டரிடமும் பேசவில்லை. மாடியிலிருந்து இறங்கியதிலிருந்து நான் கூடவே இருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எந்த டாக்டருங்க?"

"அதான், போன்ல பேசுவாரே, அவர்தான்."

"அவரா சொன்னாரு?"

"அவரேதான்."

"அப்ப சரிங்க. டாக்டர் சொன்னா கேட்டுக்கத்தானே வேணும்" என்றாள் அம்மா. கட்டில் மறுபடி முனகியது.

அப்பா அடுப்படிக்குப் போய்த் தொட்டியில் கிடந்ததையெல்லாம் தேய்க்க ஆரம்பித்தார். மியூட்டை நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இனிமேல் துணியெல்லாம் நீதான் என்றார். அவன் விரலைத் தூக்கினான். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் விரல் மடங்கியது. நான் தரையிலேயே படுத்துவிட்டேன், மடித்த துணி தலைக்கடியில்.

இது நடந்து மூன்று நாளாகிறது. அம்மா உள்ளே தூங்குகிறாள். எங்கள் மூன்று பேருக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று. மியூட்டிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன், இதில் எனக்கும் அவனுக்கும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா அப்பாவை அப்படியே நம்பிவிட்டாள், பாவம், டாக்டரென்றால் அவளுக்குப் பயம் என்கிறான் அவன். எனக்கென்னவோ, அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் படுகிறது. "அவரா சொன்னாரு" என்று கேட்டாளே, அந்தக் குரலில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது, சத்தியமாக இருந்தது. நீங்கள் சொல்லுங்கள், அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?