குடை, பயப்படாதே

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்குன்னு கடைக்கு வர்றவங்க சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். வாழ்நாள் மொத்தத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சுட்டு, அது மண்டையைப் போட்டதும் கண்ணைக் கசக்கிக்கிட்டு வர்றவங்களை என்ன, கொஞ்சவா முடியும்? "காப்பி எங்கே?"ன்னுதான் முதல்ல கேப்பேன். குடிக்கிற காப்பி இல்ல, டிஸ்க்ல இருக்குறதோட நகல். வாங்க, உக்காருங்க எல்லாம் அதுக்கப்புறம்தான்.

அன்னிக்குக் காலையிலேர்ந்து தூறிக்கிட்டே இருந்துச்சு. என் கடை மாடியில. ஒரே ஜன்னல், ஒரு நீள மேஜை, அது மேல திறந்து கெடக்குற ஏழெட்டுக் கம்ப்யூட்டர் பெட்டிங்க. எல்லா விசிறியும் ஒரே சுருதியில முனகும்போது எனக்குக் கண்ணு திறந்திருக்கும், ஆளு எங்கேயோ போயிருப்பேன். அப்படி இருக்கும்போதுதான் முப்பது வயசுப் பொண்ணு ஒருத்தி, ஒரு பெட்டியைப் போர்வையில சுத்தி, குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கிக்கிட்டு வந்தா.

"எங்கம்மாவோட குரல் இதுல இருக்கு மேடம்"னா.

விஷயத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போயிடுச்சு. அவ அம்மா ரயில் நிலையத்துல அறிவிப்பு சொன்னவங்க. போன வருஷம் தொண்டையில ஆபரேஷன், குரலையே எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி மூணு மாசம் உக்காந்து, தனக்குத் தெரிஞ்ச வார்த்தையை எல்லாம் ஒண்ணொண்ணா பேசிப் பதிஞ்சு வெச்சிருக்காங்க. சின்னச் சின்னத் துண்டா, லட்சக்கணக்குல. கீபோர்டுல அடிச்சா பெட்டி அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக் கோத்து அவங்க குரல்லயே பேசும். பேசுறதுக்கு நாப்பது செகண்டு ஆகும், அதுதான் கஷ்டம். உப்பு கேட்டா சாப்பாடு முடிஞ்சு தட்டைக் கழுவும்போது பெட்டி உப்பு கேக்கும். நையாண்டி பண்ணினா எல்லாரும் எழுந்து போனப்புறம் நையாண்டி வரும். அதனால அந்தம்மா வரவர அடிக்கிறதையே குறைச்சுட்டாங்களாம். போன வாரம் மூணு நாள் கீபோர்டைத் தொடவே இல்லையாம். இப்படியே போனா அம்மா ஒரேயடியா ஊமையாயிடுவாங்கன்னு பொண்ணு சொன்னா.

திறந்து பாத்தேன். கட்டினவர் எவரோ, புண்ணியவான், கிளஸ்டரை அறுபத்தி நாலு கிலோபைட்டுன்னு வெச்சிருந்தார். கிளஸ்டர்னா ஒரு டப்பா. ஒரு டப்பாவுக்குள்ள ஒரு பொருள்தான். அந்தம்மாவோட ஒரு வார்த்தை மூணு கிலோபைட்டுதான் வரும். ரெண்டு ஸ்பூன் சக்கரைக்கு ஒரு அண்டா! நாலு டிஸ்க்கும் காத்தை அடைச்சு ரொம்பிக் கெடக்குது, வார்த்தைகளைக் கோக்கக் கையகல இடமில்ல, பெட்டி திணறுது. டப்பாவை நாலு கிலோபைட்டாக்கணும். அதோட ஸ்ட்ரைப்பையும் மாத்தணும். ஸ்ட்ரைப்னா சீட்டாட்டத்துல சீட்டு போடுற கணக்கு, ஒரு கை இந்த டிஸ்க்குக்கு, அடுத்த கை அடுத்ததுக்கு. டப்பாவை மட்டும் சுருக்கினா பதினாறு வார்த்தை ஒரே டிஸ்க்ல போய் மொய்க்கும். எல்லாம் இருந்த இடத்துலயே நடக்கணும், ஒரு துண்டுகூட சிந்தாம. ஆள் குடியிருக்கும்போதே வீட்டைப் பிரிச்சுக் கட்டுற வேலை.

காப்பி எங்கேன்னு கேட்டேன். இல்லையாம். நல்லா நாலு வார்த்தை திட்டினேன், பாவம், தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டா. நானே காப்பி எடுத்துக்கறேன், நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வான்னு அனுப்பிட்டேன்.

பெட்டிக்குள்ள தூசி அப்பிக் கெடந்துச்சு. நாலு டிஸ்க்கையும் உருவி ஊதித் துடைச்சேன். எது எந்த இடம்னு எழுதி வெக்கல. எழுதுவானேன்? ஒவ்வொண்ணு மேலயும் அந்தப் பொண்ணு கையால அழகா லேபிள் ஒட்டியிருந்தா. அம்மா, அக்கா, சித்தி, பாப்பா. வயசு வரிசைன்னு பாத்த உடனே தெரியுது. அம்மா, அடுத்து சித்தி, அடுத்து அக்கா, கடைசியில பாப்பா. அந்த வரிசையிலயே சொருகினேன். பழைய பெட்டி, எந்த டிஸ்க் எந்த இடத்துலன்னு அதுக்குத் தானாத் தெரியாது, நாம சொருகின வரிசையை அப்படியே நம்பும். எந்த வார்த்தை எங்கேங்கிற பட்டியல் தனியா ஒரு சிப்ல இருந்ததால எல்லாம் ஒழுங்காத்தான் திறந்துச்சு. ரெண்டு வார்த்தையை ஓடவிட்டேன், தெளிவா பேசுச்சு. காப்பியும் எடுத்தேன். எண்ணிக்கை சரி. எனக்கு நானே ஒரு டீ போட்டுக் குடிச்சேன்.

மறுநாள் அந்தம்மா வந்தாங்க. கழுத்துல மெல்லிசாத் துணி, நிமிர்ந்த உடம்பு. இவங்க குரலை எத்தனை வருஷம் நடைமேடையில நின்னு கேட்டிருப்பேன்! அதைச் சொல்லாம நாற்காலியைத் துடைச்சுப் போட்டேன். விஷயம் இதுதான்னு விளக்கினேன். ஆரம்பிச்சா ஒண்ணரை நாள், நடுவுல நிறுத்தினா எல்லாம் கூழாயிடும், திரும்ப வராதுன்னு ஒளிக்காம சொன்னேன். தலையாட்டினாங்க. பொண்ணு முகம் வெளுத்துப் போச்சு. என் விரல் பட்டன் மேல இருந்துச்சு.

அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினாங்க. கீபோர்டை மடியில இழுத்து, பொண்ணைப் பாத்துக்கிட்டே எதையோ அடிச்சாங்க. நாங்க காத்துக்கிட்டிருந்தோம். தூறல் சத்தம், விசிறி சத்தம். நாப்பது செகண்டு கழிச்சு அந்தக் குரல் வந்துச்சு, கனிவா, நிதானமா:

"குடை, பயப்படாதே. தலையணை முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம்."

யாரும் சிரிக்கல. சத்தியமா சொல்றேன், ஒரு நிமிஷம் எனக்கு அது சரியான வாக்கியமாத்தான் பட்டுச்சு. மழைநாள் கனவுல யாரோ யாருக்கோ சொல்றது மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்தம்மா முகத்தைப் பாத்தேன். அவங்க கண்ணு என் விரல் மேல இருந்துச்சு. வெடுக்குனு எடுத்தேன்.

பொண்ணு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, ஒண்ணும் இல்லக்கா"ன்னா.

"யாரை அக்காங்கறே?"ன்னு கேட்டேன்.

"எங்கம்மாவைத்தான் மேடம். நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன்."

பெரியம்மா, இவங்க, சித்தின்னு அக்கா தங்கச்சி மூணு பேரும் ஒரே வீட்டுல இருந்தாங்களாம். சித்தி வாய்க்கு வாய் இவங்களை அக்கா அக்கான்னு கூப்பிட, குழந்தையும் அதையே பிடிச்சுக்கிச்சு. பெரியம்மா பிள்ளைங்க பெரியம்மாவை அம்மான்னு கூப்பிட, இவளுக்கும் அவங்கதான் அம்மா. ஆக லேபிள் வரிசை: பெரியம்மா, பெத்தவ, சித்தி, பாப்பா. ரெண்டாவதையும் மூணாவதையும் நான் மாத்திச் சொருகியிருக்கேன். ஒவ்வொரு டப்பாவுலயும் ஒரே ஒரு வார்த்தை இருந்ததால, ரெண்டு டிஸ்க்கோட வார்த்தைங்களும் அலுங்காம நலுங்காம இடம் மாறிக்கிச்சு. பாப்பான்னு கேட்டா குடை வந்துச்சு, வேலைன்னு கேட்டா தலையணை. நான் ஓடவிட்டுப் பாத்த ரெண்டும் என் நேரத்துக்கு இடம் மாறாத மத்த ரெண்டு டிஸ்க்ல இருந்த வார்த்தைங்க. நான் பெருமையா எடுத்த காப்பியும் அதே கலப்படம். பட்டனை அமுக்கியிருந்தா இந்தக் குழப்பத்தையே பொடிப்பொடியா நறுக்கி நாலு டிஸ்க்லயும் தூவியிருப்பேன்.

ஊரையே திட்டுறவ, ஒரு சீட்டுல நாலு நம்பர் எழுதச் சோம்பல் பட்டிருக்கேன். மன்னிச்சுக்குங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் வாய்விட்டுக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்ல, வார்த்தை குளறுச்சு. அந்தம்மா என் கையில ஒரு தட்டு தட்டி, வேலையைப் பாருன்னு ஜாடை காட்டினாங்க.

டிஸ்க்கை மாத்திச் சொருகி, ஐநூறு வார்த்தையை நாங்க மூணு பேரும் உக்காந்து கேட்டோம். ஜன்னல், தயவுசெய்து, ஏழு, மெதுவா, கொட்டாவி, வர்றேன். எல்லாம் சரி. மறுபடி காப்பி. அப்புறம் பட்டன்.

அந்த ஒண்ணரை நாளை எப்படிச் சொல்ல? மறுநாள் பகல் பூரா அவங்க ரெண்டு பேரும் பெஞ்சுல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. சொருகிச் சொருகித் தூங்கினாங்க. எனக்கும் கண்ணு சொக்குச்சு. உள்ள வார்த்தைங்க ஒண்ணு பின்னால ஒண்ணா பாய் தலையணையோட வீடு மாறிக்கிட்டிருந்துச்சு. 'நாளைக்கு' ஒரு பெரிய கூடத்தை விட்டு ஒரு சின்ன அறைக்குப் போகுது. 'அழாதே' பக்கத்து வீட்டுக்காரியைத் தேடுது. 'சிரிப்பு' வாசல்ல நின்னு எந்த வீடுன்னு கேக்குது. முழிச்சுப் பாத்தா திரையில அறுபத்தொண்ணு சதவீதம். மறுபடி பாத்தா எண்பது. மழை விட்டு ஜன்னல் வழியா வெயில் மேஜை மேல ஏறியிருந்துச்சு.

நடுராத்திரிக்குத்தான் முடிஞ்சுது. ஒரு துண்டு குறையல. இடம் முக்காலே மூணு வீசம் காலி.

பொண்ணுக்குத் தலைகால் புரியல. கடகடன்னு ஆரம்பிச்சுட்டா, இனிமே அம்மா தினமும் பேசணும்னும், காலையில இதைச் சொல்லணும்னும், டாக்டர் அப்படிச் சொன்னார்னும், அம்மாவுக்கு உண்மையில என்ன தோணுதுன்னா-

"நீ கொஞ்சம் சும்மா இரு."

பெட்டிதான். பொண்ணு வாய் திறந்தபடி நின்னா. "நான் பேசிக்கிட்டிருக்கேன்ல, குறுக்கே-"

"ஒரு வருஷமா நீ மட்டும்தானே பேசினே."

அந்தம்மா விரல் கீபோர்டை விட்டு எடுக்கவே இல்ல. பொண்ணு முகத்தைப் பொத்திக்கிட்டுத் தேம்பினா. தேம்பலுக்கு நடுவுல, "பேசுக்கா, நீயே பேசு"ன்னா.

"பேசத்தான் போறேன்"னு அந்தக் குரல் உடனே சொல்லுச்சு. "முதல்ல மூக்கைத் துடை."