பட்டு நரம்பு

எழுமலையில் ஆட்டுக்குடலுக்கா பஞ்சம்? சந்தை நாளில் கறிக்கடைக்காரனிடம் கேட்டால் வாளி நிறையக் கொடுப்பான். அதைக் கழுவி, சுரண்டி, முறுக்கிக் காயப்போட்டால் சைடு டிரம்மின் அடித்தோலில் இழுத்துக் கட்டுகிற நரம்பு தயார். குடல் அருவருப்பு என்றால் கம்பி கட்டலாம். ஹரிராமுக்கு இரண்டும் ஆகாதாம். பட்டுநூலை முறுக்கித்தான் கட்ட வேண்டுமாம். அந்தப் பட்டும் மதுரையில், மகாலுக்குப் பக்கத்துத் தெருவில், அவன் பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டுமாம். அந்த வீட்டு வாசலை மிதித்து இருபத்தேழு வருஷமாகிறது.

"நரம்புக்கா மச்சான் அம்புட்டுத் தூரம் போறீக?" என்று கேட்டான் முத்திருளன். செத்துப்போன மனைவி அன்னக்கொடியின் தம்பி அவன்.

"ஆமாப்பா. பட்டு நரம்புன்னா சத்தம் தனியா இருக்கும்."

"சரி, போய்ட்டு வாங்க" என்றான் முத்திருளன். விவரமான ஆள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பத்ரிநாத் வீட்டுக்குப் போக ஹரிராமுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சாக்குக்காக நரம்பு, நரம்புக்காக டிரம். ஐம்பத்தொரு வயது ஆம்பளை, தலை நரைத்தவன், 'உங்களோடு நாலு வார்த்தை பேச வேண்டும்போல இருக்கிறது' என்று வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா?

அவனுக்கு வேண்டியது அந்த நாலு வார்த்தைதான். நெசவுக்காரச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை அவன். தெருவில் தமிழ், வாசற்படி தாண்டினால் வீட்டு மொழி. வாலிப வயதில் தறியை விட்டுவிட்டு பேண்டு செட்டில் சைடு டிரம் அடிக்கப் போனான். அப்பாவுக்கு அதுவே பொறுக்கவில்லை. எழுமலைத் திருவிழாவுக்கு வாசிக்கப் போன இடத்தில், விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண் அன்னக்கொடி டிரம்மைப் பார்த்தாள், இவன் அவளைப் பார்த்தான், அப்புறம் குச்சி எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்வீட்டார் முதலில் அரிவாளைத் தேடினார்கள். ஒரு வருஷம் கழித்து மாப்பிள்ளை என்று இலை போட்டார்கள். பையன் வீட்டார் அரிவாள் எல்லாம் தேடவில்லை. கதவைச் சாத்தினார்கள், சாத்தியது சாத்தியதுதான்.

எழுமலையில் வண்டிப்பட்டறையில் சேர்ந்து தச்சு வேலை படித்தான். பிறகு சொந்தப் பட்டறை. பிள்ளை இல்லை. அவன் பேசுகிற தமிழைக் கேட்டால் உசிலம்பட்டிக்கு மேற்கே பிறந்தவன் என்றே சொல்வார்கள். ஆனால் அன்னக்கொடி கெட்டிக்காரி. அவன் தூக்கத்தில் உளறுவதைக் கேட்டுக் கேட்டே அவன் வீட்டு மொழியில் நாற்பது, ஐம்பது வார்த்தை பிடித்துக்கொண்டாள். அதைக் கடித்துத் துப்பித்தான் பேசுவாள். கோழியை விரட்டவும் புருஷனை ஏசவும் அவளுக்கு அந்த மொழிதான் வாகாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். அதோடு எழுமலையில் அந்த மொழிக்கு இருந்த ஒரே வாயும் போயிற்று. ஹரிராம் கோழிகளிடம் பேசிப் பார்த்தான். சத்தம் கேட்டதும் அவை அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தன. தாங்க முடியாமல் அத்தனையையும் பிடித்து முத்திருளனுக்குக் கொடுத்துவிட்டான். போன ஐப்பசியில் ஒரு நாள், அடுப்பு இடுக்கிக்குத் தன் வீட்டு மொழியில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தான். வரவில்லை. இரண்டு நாள் யோசித்தும் வரவில்லை. அன்னக்கொடியை எரித்துவிட்டு வந்த ராத்திரிகூட அவன் அப்படிப் பயந்ததில்லை. மறுநாள் காலையில் பலாப் பலகை ஒன்றை எடுத்துப் போட்டு டிரம் செய்ய ஆரம்பித்தான்.

சாக்குக்காகச் செய்ததுதானே என்று வேலையில் குறை வைக்கவில்லை. கையெழுத்து மோசமானவன்கூட விலாசத்தை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதுவதில்லையா? பதினாறு பலகைகள், ஒவ்வொன்றும் எட்டங்குல உயரம். எல்லாம் சேர்ந்து வட்டமாக நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றின் இரண்டு ஓரத்தையும் ஒரே சாய்வாக இழைக்க வேண்டும். ஒரு பலகையில் மயிரிழை பிசகினால் பதினாறாவது பலகையின் சந்துக்குள் விரல் நுழையும். முதல் தடவை நுழைந்தது. அத்தனையையும் பிரித்துப் போட்டு மறுபடி இழைத்தான். வஜ்ஜிரப் பசை காய்ச்சி, ஓரங்களில் தடவி, நிறுத்தி வைத்து, கயிற்றைச் சுற்றிக் கட்டையைச் செருகி முறுக்கினான். ஒரு சொட்டு வஜ்ஜிரம்கூட வீணாகாமல் சந்துகள் வாய் மூடிக்கொண்டன.

இரண்டு நாள் ஆறவிட்டு, வெளிப்பக்கத்தின் பதினாறு முனைகளையும் இழைப்புளியால் இழைத்து இழைத்து உருண்டையாக்கினான். உள்பக்கத்தை வளைந்த உளியால் சீவினான். மேலே தடித்த ஆட்டுத்தோல், கீழே வெற்றிலை மாதிரி மெல்லிய குட்டித்தோல். ஈரத்தோலை மூங்கில் வளையத்தில் மடித்துச் சுற்றி, அதன்மேல் மர வளையத்தை அமுக்கி, மேலுக்கும் கீழுக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு இழுத்தான். நரம்பு தோலோடு ஒட்டிப் படுக்க வேண்டுமே, அதற்காகக் கீழ் விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடத்தில் அரிசி ஆழத்துக்குச் சீவிவிட்டான். தோல் காய்ந்ததும் தட்டிப் பார்த்தான். தொம் என்றது. நரம்பு இல்லாத சைடு டிரம் தமுக்குத்தான், ஏலம் போட ஆகும்.

மாசி மாசம், எழுபத்தொன்பதாம் வருஷம், டிரம்மை அன்னக்கொடியின் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். என்ன பேசுவது என்று வழியெல்லாம் வீட்டு மொழியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். உசிலம்பட்டி தாண்டும்போது உதடு அசைவதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சாமியாடி என்று நினைத்தாரோ என்னவோ.

வீடு அப்படியேதான் இருந்தது, ரயில் பெட்டி மாதிரி குறுகலாக, நீளமாக. கதவு திறந்திருந்தது. உள்ளே தறிச் சத்தம். ஹரிராம் வாசலில் நின்று, பாடம் பண்ணி வைத்திருந்த வார்த்தைகளைச் சொன்னான். அண்ணா, நான் ஹரிராம் வந்திருக்கிறேன். அம்மாவின் மொழியில், அம்மா கூப்பிடுகிற ராகத்தில்.

தறி நின்றது. பத்ரிநாத் எழுந்து வந்தார். அறுபது தாண்டிய மெலிந்த உடம்பு, மூக்கில் இறங்கிய கண்ணாடி. தம்பியை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியதை ஹரிராம் பார்த்தான், சத்தியமாகப் பார்த்தான்.

"வாங்க, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றார் பத்ரிநாத், தமிழில்.

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கூடப்பிறந்த அண்ணன், காலில் ஏற்றி ஆட்டி விளையாட்டுக் காட்டியவர், 'வாங்க' என்கிறார். கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவனிடம் பேசுகிற மரியாதை. ஹரிராம் விடவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, வீட்டு மொழியிலேயே அன்னக்கொடி போன கதையைச் சொன்னான். டிரம் செய்ததைச் சொன்னான். பட்டு வேண்டுமென்றான். அண்ணன் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பதில் சொன்னார்.

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமாப் போச்சு... டிரம்மு நீங்க செஞ்சதா? நல்லா இருக்கே... பட்டு எவ்வளவு வேணும்?"

அண்ணி சாரதாம்பாள் காபி கொண்டுவந்து வைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள். ஹரிராமுக்குப் பொறுமை போய்விட்டது. நான் என்ன பேயா, என்னோடு ஏன் நம் பேச்சைப் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று கத்தினான்.

பத்ரிநாத் சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தைக் காட்டினார். "கடைசி நேரத்துல என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. 'அவன் என்னைக்காவது வருவான். சோறு போடு, தண்ணி கொடு. நம்ம பாஷையில மட்டும் இந்த வீட்டுல யாரும் அவன்கிட்டப் பேசக் கூடாது'ன்னு. பத்தொம்பது வருஷமாச்சு. சத்தியத்தை மீற எனக்குத் தைரியம் இல்லீங்க."

கிழவர் லேசுப்பட்டவர் இல்லை. பெற்ற பிள்ளைக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து, செத்த பிறகும் அங்கேயே அடித்தார். ஹரிராம் காபியைத் தொடாமல் எழுந்தான். டிரம்மைச் சேலையில் சுற்றப் போனவனைப் பத்ரிநாத் கை நீட்டி நிறுத்தினார். "நரம்பு கேட்டீங்களே. எட்டு வேணும்ல? ஒரு ஆள் முறுக்க முடியாது, வாங்க."

நடையின் ஒரு கோடியில் அவர், மறுகோடியில் ஹரிராம், நடுவில் பட்டிழைகள். ஒருவர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் முறுக்க வேண்டும். இருநூறு முறுக்கு. எண்ணிக்கை தப்பக் கூடாது என்பதற்காக அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முறுக்குகிறவர் ஒன்று என்றால் பிடித்திருப்பவர் இரண்டு என்பார். பத்ரிநாத் முறுக்குக்கட்டையைக் கையில் எடுத்தார். அப்பா படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு நூலைப் பார்த்துக்கொண்டு, வீட்டு மொழியில், ஒன்று என்றார்.

எண்ணுவது பேச்சாகுமா? ஆகாது. அது நூலுக்குச் சொல்வது. ஹரிராம் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு என்றான். மூன்று என்றார் அண்ணன். நான்கு என்றான் தம்பி. குரல் இவனிடமிருந்து போவதும் அங்கிருந்து வருவதுமாக, ஒரு நரம்பு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. முப்பத்தேழுக்கும் தொண்ணூற்று நாலுக்கும் இத்தனை ருசி உண்டென்று ஹரிராமுக்கு அதுவரை தெரியாது. அவன் அழுதுகொண்டே எண்ணினான்.

ஐந்தாவது நரம்பில், நூற்று முப்பதுக்கு மேல், கண்ணீர் மறைத்துக் கை தளர்ந்தது. சொன்ன எண்ணையே மறுபடி சொன்னான். நூல் சுருண்டு முடிச்சு விழுந்தது.

"கவனம் கெட்ட கழுதை! கண்ணை எங்கேடா வைத்திருக்கிறாய்?" என்று பத்ரிநாத் சீறினார்.

அது தமிழில் வரவில்லை. பத்து வயதில் ஹரிராம் தறியின் பாவு நூலை மிதித்தபோது வந்த அதே ஏச்சு, அதே மொழியில் வந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சதை ஆடியதை உணர்ந்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பத்ரிநாத் முடிச்சை அவிழ்த்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "மொதல்லருந்து ஆரம்பிப்போங்க" என்றார் தமிழில். மறுபடி ஒன்று, இரண்டு.

எட்டு நரம்புக்கும் மெழுகு தேய்த்து டிரம்மில் கட்டி முடிக்கும்போது சாயங்காலமாகிவிட்டது. ஹரிராம் குச்சியை எடுத்து ஒரு உருட்டு உருட்டினான். சர்ர்ர் என்று நடை முழுக்கச் சத்தம் நிறைந்தது. பத்ரிநாத் நரம்பின் மேல் விரலை வைத்து அதிர்வை வாங்கிக்கொண்டார்.

வாசல் வரைக்கும் வந்தார். மறுபடி வா என்று சொல்வாரோ என்று ஹரிராம் செருப்பை மெதுவாக, மிக மெதுவாக மாட்டினான். அவர் சொல்லவில்லை.

"இந்த நரம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டார்.

ஒரு வருஷம் வரும் என்று ஹரிராம் வீட்டு மொழியில் சொன்னான்.

"தினமும் அடிச்சா?"

ஆறு மாதத்தில் அறுந்துவிடும் என்றான்.

பத்ரிநாத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப தினமும் அடிங்க" என்றார்.