ஓசூரில் கேட்ட அழுகை

ஏரியூரில் சந்தியா என்ற கைக்குழந்தை அழுத சத்தம், ஒரு மாசி மாதச் செவ்வாய்க்கிழமை முதல் ஓசூரில் கேட்கத் தொடங்கியது. குழந்தைக்கு அப்போது ஆறு மாதம். தகப்பன் நவநீதன் பிரசவத்துக்கு முன்பே வேறொருத்தியுடன் போய்விட்டான். தாய் மேனகா மூன்றாம் மாதமே குழந்தையை அண்ணி தங்கம்மாளிடம் விட்டுவிட்டு, ஓசூரில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். தங்கம்மாள் கொடுமைக்காரி அல்ல. அவளுக்குத் தக்காளித் தோட்டமும் மாடுகளும் சொந்தப் பிள்ளைகள் மூன்றும் இருந்தன. பால் புட்டியைத் துணிச் சுருளில் சாய்த்துக் குழந்தையின் வாயில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவாள். குழந்தை மூன்று மாதம் அழுது பார்த்தது. யாரும் வரவில்லை. அதன்பின் வாய் திறந்தது, முகம் சிவந்தது, சத்தம் மட்டும் அங்கே வரவில்லை. அது ஓசூரில், பெண்கள் விடுதியில், மேனகாவின் தலையணைக்குள்ளிருந்து வந்தது.

வார்டன் பெட்டிகளையெல்லாம் சோதித்துவிட்டு, தண்ணீர் வராத புகாரைப் போல இதையும் விட்டுவிட்டாள். உடன் தங்கியிருந்த வஹிதா தலையணையை மடியில் போட்டுத் தட்டினாள், அழுகை அடங்கியது. பிறகு அறையிலிருந்த எட்டுப் பெண்களும் ஷிப்ட் முடிந்து வந்து முறை வைத்துத் தட்டினார்கள். மேனகா ஊருக்குப் போன் செய்தாள்.

“அண்ணி, பாப்பா ரொம்ப அழுவுதுங்களா?”

“அழுவுறதா? சத்தமே கெடையாது. இப்படி ஒரு சமத்துப் புள்ளய இந்த ஊருலயே பாத்ததில்ல. நீ வேலையப் பாரு.”

லீவு கேட்டாள், ஒரு வருடம் முடியாமல் தர முடியாது என்றார்கள். குழந்தையின் பதினான்காம் மாதத்தில் தலையணை ஓய்ந்தது. மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். மேனகா விடிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஏரியூருக்குப் பஸ் ஏறினாள்.

குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கினால் ஒட்டவும் இல்லை, விலகவும் இல்லை. தர்மபுரியில் டாக்டரம்மா பொறுமையாகவே சொன்னார். “கூப்பிட்டப்பல்லாம் ஆள் வந்தாத்தான் கொழந்தையோட மூளை மனுசங்கள நம்பக் கத்துக்கும். யாரும் வரமாட்டாங்கன்னு இது கத்துக்கிச்சு. மாத்தலாம். தூக்கி வச்சிக்கிட்டே இருங்க.”

“எத்தன நாளைக்குங்க?”

அவர் குழந்தையைத் தூக்கி மேனகாவின் இடுப்பில் வைத்தார்.

மேனகா இண்டூரில் ஒரு அறை பிடித்தாள். இரண்டு வருடம் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே பூப்பறிக்கப் போனாள். மூன்றாம் வருடம், வரப்பில் ஓடிய சந்தியா விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தூரத்தில் குனிந்திருந்த மேனகாவுக்குப் போன் வந்தது. வஹிதா பேசினாள்.

“மேனகா, உம்புள்ள இங்க தலையணையில அழுவுது. ஓடிப் போய்த் தூக்கு.”

மேனகா பூக்கூடையைப் போட்டுவிட்டு, பிள்ளை மறுபடியும் கூப்பிடுகிறது என்ற சந்தோஷத்தில் அழுதுகொண்டே ஓடினாள். ஆனால் அந்த அழுகை அதன்பின் ஒருநாளும் இண்டூருக்கு வந்து சேரவில்லை. விடுதிக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு வஹிதா தலையணையையும் மேனகாவின் போன் நம்பரையும் காட்டிக்கொடுக்கிறாள். போன் அடித்தால், பூப்பறிக்கிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். மேனகா ஓடுகிறாள். பெரும்பாலும் அவள் போய்ச் சேர்வதற்குள் சந்தியா அழுது முடித்து, கண்ணைத் தானே துடைத்துக்கொண்டிருப்பாள்.