பாயில் போன வட்டம்

நான் படம் வரைகிறவன் என்று சொன்னால் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலேயே சிரிப்பார்கள். தூரிகையைத் தொடுவதில்லை. ஜப்பான் துறவிகள் மனம் அடங்கிய பிறகு ஒரே மூச்சில் வட்டம் போடுவார்களாம். நானும் காலையில் செபம் போல் கண்மூடி உட்கார்ந்து, மனம் ஓய்ந்ததும் ஈரத் துணியில் சாயத்தை ஊற்றுவேன். அது ஊறிப் பரவுவதுதான் படம். எத்தனையோ துணிகள் பாழாகி, 1974-ல் ஒன்றே ஒன்று வாய்த்தது. காவி வட்டம், நடுவில் வெறுமை. மெட்ராஸ் கண்காட்சிக்கு மறுநாள் அனுப்ப வேண்டும்.

வீட்டில் இடம் போதாமல் அதைத் துறைமுகத்தில் தோணிகளுக்குப் பாய் தைக்கும் கொட்டகையில் உலர்த்தியிருந்தேன். மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்தால் காணோம்.

"அதுவா வாத்தியாரே? பட்டைச் சாயம் அரைகுறையா ஏறிக் கிடந்துச்சு. நம்ம பாய்த்துணிதானன்னு சேத்துத் தச்சிட்டேன்" என்றார் பாய் தைக்கும் சிலுவை. பாய் இற்றுப்போகாமல் இருக்க அவர்கள் சாயமேற்றுவது அந்த நிறத்தில்தான். அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவர் கடலைக் காட்டினார்.

கொழும்புத் தோணி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அவருடைய கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்த் தாவி ஏறினேன். அதற்குள் பாய் மேலே போய்விட்டது. என் வட்டம் காற்றில் உப்பி நின்றது.

"அறுக்கப் போறேன், பாயை எறக்குங்க!"

"வாத்தியாரே, கிறுக்கா ஓமக்கு?" தோணியை நடத்தும் தண்டல் கிருபாநிதி கத்தினார். "இங்கன எறக்குனா கல்லுல மோதிருவோம்!"

இடப்பக்கம் கற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பாயைத் தாங்கும் கயிற்றில் கத்தியை வைத்தேன். ஆட்கள் அசையாமல் என் கையையே பார்த்தார்கள். எனக்கு அவர்கள் மேல் இரக்கம் வரவில்லை. படம்தான் வேண்டும் என்றிருந்தது. கை மட்டும் அறுக்க மறுத்தது.

கற்களைத் தாண்டியதும் தண்டல் அருகில் வந்தார். "இப்ப வேணும்னா அறுத்துக்கிடும். மாத்துப் பாய் கெடையாது. ஓட்டைப் பாயோட கொழும்பு போய்ச் சேருவமான்னு மட்டும் சொல்லும்."

கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டு, கரைக்குத் திரும்பும் ஒரு வள்ளத்தில் இறங்கினேன். தியானம் செய்கிறவனின் பக்குவம் என்று யாரும் புகழ வேண்டாம். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"யாரும் தவறிட்டாங்களா?" என்றார் வள்ளக்காரர்.

நான் பாயைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான காத்துப் பிடிச்சுப் போவுது" என்றார்.