அந்த வருடத்து நாணயம்

டிப்போவில் அவருக்கு 'உண்டியல்' என்று பெயர். யாராவது சில்லறையை அள்ளிக் கொட்டினால் மற்ற கண்டக்டர்கள் எரிந்து விழுவார்கள். இவர் மட்டும் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொள்வார். வசூலைக் கட்டுவதற்கு முன் பையைக் கவிழ்த்து, தனக்கு வேண்டிய நாணயத்தை எடுத்துக்கொண்டு, அதே மதிப்புக்குத் தன் காசைப் போட்டுவிடுவார். விலை கொடுத்து வாங்குவதில்லை என்பது கொள்கை. கண்டக்டர் சம்பளத்துக்கு வேறென்ன கொள்கை கட்டுப்படியாகும்?

கல்யாணமான வருடம் தொடங்கி வருடத்துக்கு ஒன்றாக, ஆல்பத்தில் இருபத்தாறு பிளாஸ்டிக் உறைகள். ஐந்தாவது மட்டும் காலி. அந்த வருடம் கொஞ்சமாகத்தான் அச்சடித்திருந்தார்கள். பதினோரு வருடத் தேடலுக்குப் பிறகு, ஒரு மழை நாளில், பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி நீட்டிய காசில் அது வந்து சேர்ந்தது. அன்று மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் ஆல்பத்தைத் திறந்தால் அந்த உறை மறுபடியும் காலி. எங்கோ நழுவி விழுந்திருக்கும் என்று கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் கொள்கையைத் தூக்கிப்போட்டுவிட்டு, மூன்று மாதம் டீ குடிப்பதை நிறுத்தி, நாணய வியாபாரி கேட்ட அநியாய விலையைக் கொடுத்து வாங்கி வந்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர், கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். ஐந்தாவது உறையிலிருந்த நாணயத்தை அவள் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

"அப்போ போன தடவையும் நீதானா?"

அவள் மறைக்கவில்லை. "காய்க்காரர்கிட்ட குடுத்துட்டேன். அந்த வருஷத்தை என்னால பாக்க முடியலைங்க. உங்களுக்கு அது வெறும் காசு."

அந்த வருடம்தான் அவர்களுக்கு மகள் பிறந்தாள். பிறந்த அன்றே போய்விட்டாள். அவள் மறந்துவிட்டாள் என்று இவரும், இவர் மறந்துவிட்டார் என்று அவளும் நினைத்துக்கொண்டு, இருபத்தொரு வருடமாக ஒருவரிடம் ஒருவர் வாயைத் திறக்கவில்லை. நல்ல ஜோடி.

"வெறும் காசா?" அவர் பாதிச் சவரத்தோடு திரும்பினார். "அவ வந்துட்டுப் போனதுக்கு நம்மகிட்ட வேற என்னடி இருக்கு? எனக்கு வேண்டியது அந்த ஒண்ணுதான். அது தனியா இருக்கக் கூடாதேன்னுதான் மத்ததையெல்லாம் சேர்த்தேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரசவம் சிக்கலாகி இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தவள் அவள். கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்தது அவர் மட்டும்தான். எப்படி இருந்தாள் என்று இவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நாணயத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு அவள் கேட்டாள்.

"அவ யாரு ஜாடைங்க?"

"உன் ஜாடைதான். தலை நிறைய முடி..." என்றவர், அதற்கு மேல் முடியாமல், முகத்து நுரையோடு அவள் தோளில் சாய்ந்து அழுதார்.